குழாயை மூடிய வழக்கு

பரூச்
14.6.1999

நீலாவுக்கு, அண்ணன் எத்திராஜ்.

வந்து சேர்ந்துவிட்டோம். நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டதாக வைத்துக்கொள். சென்ட்ரலில் வண்டி கிளம்புகிற வரைக்கும் உன் அண்ணி வினிதா பிளாட்பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உன் தங்கச்சி வராம இருக்க மாட்டா" என்றாள். வண்டி நகர்ந்த பிறகுதான் ஜன்னலை விட்டுத் திரும்பினாள்.

குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் உப்பு. குஜராத்தி ஒரு எழுத்து ஏறவில்லை. வினிதா கடைக்குப் போனால் கையைக் காட்டித்தான் புளி, மிளகாய் வாங்குகிறாள். மீன் கிடைக்கிறது, ஆனால் நாலு தெரு தள்ளிப் போய் மறைத்து எடுத்து வர வேண்டும், பக்கத்து வீட்டில் மூக்கைப் பிடிக்கிறார்கள்.

மாற்றல் உத்தரவைக் கொடுத்தபோது மேனேஜர் சிரித்துக்கொண்டே, "எத்திராஜ், இத பிரமோஷன் மாதிரி எடுத்துக்கோ" என்றார்.

"இன்னா சார் பிரமோஷன்? அதே சம்பளம், அதே வேலை. ஊரு மட்டும் ரெண்டு நாள் ரயிலு தள்ளிக் கீது" என்றேன்.

"உன் தங்கச்சி கோர்ட்டுக்கெல்லாம் போறாங்களாமே" என்றார். உத்தரவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மொத்தக் குப்பத்தில் மனுப் போட வேறு ஆளே கிடைக்கவில்லையா நீலா? குப்பத்து நிலத்தைக் கம்பெனி எடுத்தபோது வீட்டுக்கு ஒரு வேலை என்று கொடுத்தார்கள். நம் வீட்டுக்கு வந்த வேலை இது. நான் அங்கே என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். கழிவுத் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற பிளான்ட்டில் ஆபரேட்டர். அது ஓடினால் கரண்ட் செலவு, மருந்துச் செலவு. அதனால் ஓடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து அதிகாரிகள் வருகிற அன்று மட்டும் ஓடும். அவர்கள் வருவதற்கு முன்பே போன் வந்துவிடும். நாங்கள் நல்ல தண்ணீரைக் குழாயில் விட்டுக் கழுவி வைப்போம். பாட்டிலில் பிடிப்பார்கள், காபி குடிப்பார்கள், போவார்கள். இத்தனை வருடமும் இதைப் பார்த்தவன் சொல்கிறேன். சட்டம் இல்லாமல் இல்லை, அதற்குக் காட்ட வேண்டியதை மட்டும் காட்டிக் கூட்டிப் போகக் கம்பெனியில் ஒரு ஆள் இருக்கிறான்.

கோர்ட்டுக்குப் போகிறாய், போ. ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

எத்திராஜ்

•

காத்திவாக்கம்
9.7.1999

அண்ணனுக்கு நீலா எழுதுகிறேன்.

ஸ்டேஷனுக்கு வந்தேன். புத்தகக் கடை பக்கத்தில் நின்றேன். பக்கத்தில் வந்தால் நீ திட்டுவாய், அத்தனை பேர் முன்னால் நானும் அழுவேன், எதற்கு என்று அங்கேயே நின்றுவிட்டேன். அண்ணி நீலக் கலர் புடவை கட்டியிருந்தாள். நம்பாவிட்டால் அவளைக் கேள்.

உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். நீ வேண்டாம் என்றால் என்னால் மீற முடியாது. அதனால் சொல்லவில்லை.

வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்கிறாய். கூட்டம் போட்டார்கள். பெரிய மனுஷர்கள் எல்லாரும் தொண்டை கிழியப் பேசினார்கள். யார் பேரில் மனு என்றதும் ஆளாளுக்குப் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். வீட்டுக்கு ஒருத்தன் கம்பெனியில் இருக்கிறானே! பூவம்மாதான் எழுந்தாள். "எம்பேர்ல போடுங்க, என்னைய எங்க மாத்துவான், சுடுகாட்டுக்கா?" என்றாள். அவளுக்குக் கைநாட்டு. எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்த ஒருத்தர் வேண்டும் என்று வக்கீல் எழில்மொழி அக்கா சொல்லிவிட்டது. பத்தாவது வரைக்கும் என்னைப் படிக்க வைத்தது நீதான். இப்போது யாரைத் திட்டுவாய்?

பூவம்மா காலைப் பார்த்திருக்கிறாயா அண்ணே? இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவித்தானே நாங்கள் எறா பிடிக்கிறோம். போன மாசி மாதத்திலிருந்து முட்டிக்குக் கீழே தோல் உரிந்து சிவந்து கிடக்கிறது. அந்தக் குழாய்ப் பக்கம் தண்ணீர் சுடுகிறது. "ஆறா இது, கலீஜ் பேசின்" என்கிறாள். முன்னே ஒரு பறி நிறைய வந்த இடத்தில் இப்போது ஒரு கை எறா வந்தால் அதிசயம். அதிலும் மண்ணெண்ணெய் வாடை. மார்க்கெட்டில் மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிப் போடுகிறார்கள்.

கோர்ட்டில் போன வாரம் எங்கள் கேஸைக் கூப்பிட்டார்கள். விடியற்காலையே பஸ் ஏறிப் போய் நின்றோம். கம்பெனி வக்கீல் எழுந்து, பதில் போட டைம் வேண்டும் என்றார். கொடுத்தார்கள். அவ்வளவுதான். "இதுக்காடி பட்டினியா வந்தோம்" என்று பூவம்மா வராண்டாவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நீ அனுப்பிய மணியார்டரைத் திருப்பிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. கம்பெனி மேல் கேஸும் போட்டுவிட்டுக் கம்பெனிச் சம்பளத்தில் சோறும் தின்ன என்னால் ஆகாது.

நீலா

•

பரூச்
20.9.1999

நீலாவுக்கு,

மணியார்டர் திரும்பி வந்தது. தபால்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சொந்தத் தங்கச்சியே வேண்டாம் என்று சொன்ன ஆள் இவன்தான் என்கிற மாதிரி. நல்ல மரியாதை வாங்கிக் கொடுத்தாய்.

கோர்ட் ஒரு குழுவை நேரில் பார்க்க அனுப்பப் போகிறது என்று எண்ணூர் யூனிட் தோஸ்து ஒருவன் போனில் சொன்னான். கம்பெனி இப்போதே சுவருக்கு வெள்ளையடிக்கிறது. செடி வைக்கிறார்கள். நான் சொன்னதாக எங்கேயும் சொல்லாதே. அவர்களைப் பிளான்ட்டுக்குள் சுற்றிக் காட்டித்தான் பொழுதைப் போக்குவார்கள். நீங்கள் விடாதீர்கள். தண்ணீர் வடிகிற நேரமாகப் பார்த்துக் கழிமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். குழாயின் வாய் அப்போதுதான் வெளியே தெரியும். வலையை வீசிக் காட்டச் சொல் உன் புருஷனை. என்ன வருகிறது என்று அவர்கள் கண்ணாலேயே பார்க்கட்டும். ஒன்றும் வராதது ஒன்றுதான் உங்கள் சாட்சி. வேறு எதுவும் உங்களிடம் இல்லை.

இது உனக்காகச் சொல்வது. உன் கேஸுக்காக இல்லை. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது.

அண்ணி கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். புடவை நீலம்தானாம்.

எத்திராஜ்

•

காத்திவாக்கம்
2.12.1999

அண்ணே,

வந்துவிட்டுப் போனார்கள்! நேற்று முழுக்க எனக்குக் கால் தரையில் இல்லை, அதனால் இன்றுதான் எழுதுகிறேன்.

மூன்று பேர். ஒரு ரிடையர்டு அதிகாரி, காலேஜ் பேராசிரியர் ஒருவர், வாரியத்து அம்மா ஒருத்தர். எதில் வந்தார்கள் என்று நினைக்கிறாய்? கம்பெனி காரில்! பூவம்மா காறித் துப்பினாள், நான்தான் வாயைப் பொத்தினேன். நீ சொன்ன மாதிரியே பிளான்ட்டுக்குள் பாதி நாளை ஓட்டிவிட்டார்கள். நாங்கள் கேட்டிலேயே நின்றோம். வெளியே வந்ததும் விடாமல் பிடித்துக் கழிமுகத்துக்குக் கூட்டிப் போனோம். உன் மச்சான் நாலு முறை வலை வீசினார். ஒரு முறை செருப்பு ஒன்று வந்தது, மற்றபடி சேறு. பேராசிரியர் குனிந்து தண்ணீரைத் தொட்டு மோந்து பார்த்தார். "இவ்வளவு மோசமா இருக்கும்னு நினைக்கல" என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார். என் நெஞ்சு நிறைந்துவிட்டது.

அப்புறம்தான் பெரிய விஷயம். கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் மத்தியானச் சாப்பாடு ஏற்பாடு பண்ணி வைத்திருந்தான் அந்த மேனேஜர். கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறான். நான் விடுவேனா? "கம்பெனிச் சோறு துன்னுட்டு எங்களப் பத்தி இன்னாத்த எழுதுவீங்க? எங்க குப்பத்துக்கு வந்தவுங்க எங்க வூட்ல கை நனைக்காம போனா எங்களுக்குத்தான் கேவலம்" என்று வழியை மறித்துவிட்டேன். அந்த அதிகாரி சிரித்துவிட்டு, "வாங்க, அம்மா சொன்னா கேக்கணும்" என்று நம் வீட்டுக்கே வந்துவிட்டார்!

விடியற்காலையே உன் மச்சானைக் காசிமேட்டு மீன் மார்க்கெட்டுக்கு அனுப்பி வைத்திருந்தேன். கையகலம் எறா, நண்டு, கெழங்கான் மீன் வறுவல். கையில் இருந்ததெல்லாம் அதற்கே போய்விட்டது, போகட்டும். மூன்று பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். அதிகாரி விரலை நக்கிக்கொண்டே, "எறா பிரமாதம்மா, இங்கே பிடிச்சதா?" என்று கேட்டார். உன் மச்சான் என்னைப் பார்த்தார். மீன்காரன் வீட்டில் விருந்தாளிக்குக் காசு கொடுத்து வாங்கின மீனைப் போட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? "நம்ம ஆறுதான் சார், உங்களுக்குன்னே புடிச்சாந்தாரு" என்றேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

கம்பெனிச் சோற்றைத் தின்னவிடாமல் பண்ணியதற்குக் குப்பமே என்னை மெச்சுகிறது. நீயும் மெச்சு.

நீலா

•

பரூச்
11.12.1999

அடிப்பாவி,

நீ எழுதியதை நீயே ஒரு தடவை படித்துப் பார்.

நாலு முறை வலை வீசி ஒன்றும் வரவில்லை என்று காட்டினாய். அப்புறம் வீட்டுக்குக் கூட்டிப் போய்க் கையகலம் எறாவை இலையில் வைத்து, இந்த ஆற்றில் பிடித்தது என்று சொன்னாய். வாரியத்து ஆள் முன்னால். உன் வாயால்.

அவர்கள் சாப்பிட்டது விருந்து இல்லை நீலா, உன் கேஸ்.

எழில்மொழி அம்மாவிடம் உடனே போ. எனக்குப் பதில் எழுத வேண்டாம், முதலில் அங்கே போ.

எத்திராஜ்

•

காத்திவாக்கம்
3.4.2000

அண்ணனுக்கு,

இத்தனை நாள் எழுத முகமில்லை. நீ சொன்னபடிதான் ஆயிற்று.

குழுவின் அறிக்கை வந்தது. எழில்மொழி அக்கா தம்புச் செட்டித் தெரு ஆபீஸில் உட்கார வைத்துப் படித்துக் காட்டியது. தண்ணீர் நிறம் மாறியிருக்கிறது என்று இருக்கிறது. வலையில் மீன் வரவில்லை என்றும் இருக்கிறது. அதற்கடுத்த வரி: ஆனாலும் மனுதாரர் வீட்டில் அன்றே கழிமுகத்தில் பிடித்த பெரிய எறாவும் நண்டும் பரிமாறப்பட்டன, ஆகவே மீன்வளம் முற்றிலும் அழிந்ததாகச் சொல்ல முடியாது. அந்த மனுஷன் கெட்டவர் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி, கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறார். நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்.

"ஏன்டி அப்படிச் சொன்ன?" என்று அக்கா கேட்டது. வியாசர்பாடியில், வலை இல்லாத வீட்டில் பிறந்து வளர்ந்த பொம்பளை, அதற்கு இது எப்படிப் புரியும்? எங்கள் வீடுகளில் மீன் வரத்து இல்லாத நாளில் எல்லாரும் வாங்கித்தான் ஆக்குகிறோம், எல்லாரும் பிடித்ததென்றுதான் சொல்கிறோம். கேட்கிறவனுக்கும் தெரியும், சொல்கிறவனுக்கும் தெரியும். கோர்ட்டுக்குத் தெரியாது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

காசிமேட்டில் வாங்கினதுதான் என்று பிரமாண வாக்குமூலம் எழுதிக் கொடுக்கச் சொன்னது அக்கா. உன் மச்சான் ஆகாது என்று குதித்தார். "எம் வூட்ல, தாமோதரன் வூட்ல, மீன் வாங்கித் துன்றாங்கன்னு ஜட்ஜுக்கு மின்னாடி படிக்கணுமா? இன்னும் இன்னா மானம் பாக்கி கீது?" என்றார். ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, போலாம்" என்றார்.

படித்தார்கள் அண்ணே, அத்தனை பேர் முன்னால். கம்பெனி வக்கீல் எழுந்தார். "இந்த அம்மா குழுவிடம் பொய் சொன்னதாக அவரே ஒப்புக்கொள்கிறார். அன்றைக்குப் பொய் சொன்னவர் இன்றைக்கு மட்டும் மெய் சொல்கிறார் என்று எப்படி நம்புவது?" என்றார். கோர்ட்டில் சிரித்தார்கள். அவன் ஆலை வருடக்கணக்காகச் சொன்ன பொய்யை ஒருத்தர் கேட்கவில்லை. நான் சோறு போடும்போது சொன்னதைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அங்கேயே தலையைச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

ஜட்ஜ் மட்டும் சிரிக்கவில்லை. யாருக்கும் முன்கூட்டியே சொல்லாமல் போய் மறுபடி தண்ணீர் எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டார். எப்போது போவார்களோ தெரியாது.

திட்டுவதானால் திட்டு. ஆனால் எழுது.

நீலா

•

பரூச்
6.10.2001

நீலாவுக்கு,

நீ எழுதிய நாலு கடிதத்துக்கும் சேர்த்து ஒரே பதில். ஓவர்டைம் அதிகம்.

திட்டவில்லை. திட்டி என்ன ஆகப்போகிறது. சொல்லாமல் வந்து தண்ணீர் எடுத்ததும், அதில் இருந்த விஷத்தைப் பார்த்து ஜட்ஜ் ஆலையை மூடச் சொன்னதும் எங்கள் கேன்டீனிலேயே பேச்சாக இருந்தது. என் தங்கச்சி போட்ட கேஸ் என்று நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அன்றைக்கு ரெண்டு டீ குடித்தேன். உனக்கு ஒரு சபாஷ் எழுத வேண்டும் என்று பேப்பர் வாங்கி வைத்தேன். அதற்குள் கம்பெனிக்காரர்கள் டெல்லி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் அந்த உத்தரவுக்குத் தடை வாங்கிவிட்டார்கள். பேப்பர் அப்படியே கிடந்தது, இப்போது அதில்தான் எழுதுகிறேன்.

ஆலை மூடியிருந்த நாட்களில் கழிமுகத்தில் மடவை மீன் துள்ளியதைப் பூவம்மா பார்த்தாள் என்று எழுதியிருந்தாய். அதை வினிதாவிடம் ரெண்டு முறை படித்துக் காட்டினேன்.

இப்போது மறுபடி ஓடுகிறது. டெல்லியில் கேஸ் எப்போது எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு அவசரமில்லை. வக்கீல் பீஸ் கம்பெனிக்குப் பொருட்டில்லை. உங்களுக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் பட்டினி. நான் ஆரம்பத்திலேயே சொன்னது இதைத்தான். சொன்னது பலித்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

மச்சானுக்குத் தொழிலே இல்லை என்று அண்ணிக்குத் தனியாக எழுதியிருக்கிறாய். என்னிடம் சொல்லக் கூடாது என்றும் எழுதியிருக்கிறாய். அவள் எதை என்னிடம் மறைத்திருக்கிறாள்? உன் மகள் கார்குழலி பன்னிரண்டாவதில் அத்தனை மார்க் எடுத்துவிட்டு வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையில் நிற்கிறாளாம். என் அக்கா தங்கை பிள்ளை என்று எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். நர்ஸ் படிப்பில் சேர்த்துவிடு. நான் மாதாமாதம் அனுப்புகிறேன். கம்பெனிச் சம்பளம் என்று திருப்பி அனுப்பாதே. மாமன் கொடுப்பதை அவள் வாங்கிக்கொள்ளட்டும், நீ தொட வேண்டாம்.

எத்திராஜ்

•

காத்திவாக்கம்
18.2.2003

அண்ணே,

ஜெயித்துவிட்டோம்.

எழுதிப் பார்த்தேன், எப்படி இருக்கிறது என்று. இன்னொரு முறை எழுதட்டுமா? ஜெயித்துவிட்டோம்.

டெல்லியில் தடையை நீக்கிவிட்டார்கள். கம்பெனி எண்ணூர் ஆலையை ஒரேயடியாக மூடுகிறதாம். போன வாரம் வாரியத்து ஆட்கள் வந்து குழாயின் வாயில் கல்லும் சிமெண்டும் வைத்து அடைத்தார்கள். குப்பமே கரையில் நின்றது. உசேன் பாய் தன் கடையில் இருந்த பட்டாசையெல்லாம் காசு வாங்காமல் கொடுத்தார். பூவம்மாவை நாற்காலியில் தூக்கிவந்து உட்கார வைத்தோம். அவளுக்கு இப்போது நடக்க முடியாது. "அடைக்கிறானா, நல்லா அடைக்கிறானா? கிட்டப் போயிப் பாரு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எழில்மொழி அக்கா அழுதது. ஒரு பைசா வாங்காமல் மூன்றரை வருடம் அலைந்த பொம்பளை.

எல்லாரும் போன பிறகு நான் மட்டும் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. தூக்கம்தான் வந்தது அண்ணே. வீட்டுக்கு வந்து படுத்தால் எழுந்திருக்கவே முடியவில்லை. கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய உடம்பு, இனி ஓட வேண்டாம் என்றதும் விழுந்துவிட்டது.

எல்லாருக்கும் சந்தோஷம் என்று பொய் சொல்ல மாட்டேன். நம் தெருவிலேயே நாலு வீட்டில் வேலை போயிருக்கிறது. ஐரீன் என்னோடு பேசுவதில்லை. அவள் புருஷன் பாய்லரில் இருந்தான். "உன் எறாவுக்கு எங்க சோத்துல மண்ணா?" என்று குழாயடியில் கேட்டாள். தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆறு இன்னும் ஆறாகவில்லை. அடியில் படிந்த சேறு போக எத்தனை வருடமோ என்று அந்தப் பேராசிரியரே சொல்லிவிட்டார். உன் மச்சான் காசிமேட்டில் அடுத்தவன் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். திரும்பி வந்தால் நாலு நாள் தூங்குகிறார். கார்குழலி ரெண்டாம் வருடம். வெள்ளை யூனிபார்மில் பார்த்தால் எனக்கே மரியாதையாக நிற்கத் தோன்றுகிறது. நீ அனுப்புகிற பணத்தை அவள்தான் வாங்குகிறாள், நீ தொட வேண்டாம் என்றாய் அல்லவா. ஆனால் இந்த மழைக்காலத்தில் வீட்டுக்கு அரிசியும் அதில்தான் வாங்கினோம். மறைக்க விரும்பவில்லை, சொல்லிவிட்டேன்.

கேஸ் முடிந்துவிட்டதே, இனி உன்னை இங்கே மாற்றுவார்களா? ஆலையே இல்லாத ஊருக்கு எப்படி மாற்றுவார்கள் என்று உன் மச்சான் கேட்கிறார். அதை நான் யோசிக்கவே இல்லை.

நீலா

•

பரூச்
30.5.2003

நீலாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று வினிதா பாயசம் வைத்தாள். நானும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தேன். நான் நம்பாததை நீ செய்து முடித்தாய். கோர்ட்டால் ஒன்றும் ஆகாது என்று சொன்னவன் நான், தோற்றுப்போனேன், சந்தோஷமாகத் தோற்றேன். இதை முதலில் எழுதிவிடுகிறேன். இதற்குப் பிறகு எழுதப் போவது உனக்குப் பிடிக்காது.

போன மாதம் எங்கள் யூனிட்டுக்கு லாரி லாரியாகச் சாமான் வந்தது. விஸ்தரிப்பு என்றார்கள். இறக்கும்போது நானும் நின்றேன். தார்ப்பாயை விலக்கினதும் தெரிந்துவிட்டது. எண்ணூர் மிஷின்கள். பெயிண்ட் புதிது, உள்ளே அதே மிஷின். ஒரு பம்ப்பின் பக்கத்தில் நம் ஊர்ப் பையன்கள் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நான் துடைக்கப் போனேன், அப்புறம் துடைக்கவில்லை.

எண்ணூரில் ஓட்டிய ஆள் என்று கழிவுத் தண்ணீர்ப் பக்கத்துக்கு என்னையே சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். சுத்தம் பண்ணுகிற பிளான்ட்டுக்கு அஸ்திவாரம் மட்டும் போட்டிருக்கிறார்கள். அது கட்டி முடிக்கிற வரைக்கும் "தற்காலிகமாக" நேரே விடலாம் என்று இன்ஜினியர் சொல்கிறார். தற்காலிகம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இங்கேயும் ஒரு கழிமுகம் இருக்கிறது. இங்கேயும் குழாயின் வாய் தண்ணீருக்கு அடியில்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கரையில் மீன்பிடிக் குடும்பங்கள் இருக்கின்றன. நேற்று குழாய் போடுகிற இடத்துக்கு ஒரு பொம்பளை வந்தாள். உன் வயதுதான் இருக்கும், இடுப்பில் கூடை. என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். இத்தனை வருடத்தில் கொஞ்சம் பாஷை வந்திருக்கிறது. இது எதற்கு, என்ன வரும் இதில் என்று கேட்கிறாள். நான் மழைத் தண்ணீர் என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் கடைசியில் வால்வைத் திறக்க வேண்டும். அந்தச் சாவி என்னிடம் இருக்கிறது. நான் முடியாது என்றால் வேறொருத்தன் திறப்பான் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் கையால் வேண்டாம் என்று தோன்றுகிறது. இந்த வயதில் வேலையை விட்டால் வேறு வேலை கிடைக்காது, ஊருக்கு வந்துவிடுவேன். வினிதா உன்னைக் கேட்கச் சொல்கிறாள். இந்த விஷயத்தில் கேட்க வேண்டிய ஆள் நீதான் என்கிறாள்.

திறக்காதே என்று நீ ஒரு வரி எழுது. நான் திறக்க மாட்டேன்.

எத்திராஜ்

•

காத்திவாக்கம்
17.6.2003

அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. உன் மச்சானிடம் காட்டவில்லை. அவர் கடலுக்குப் போயிருக்கிறார்.

எழில்மொழி அக்காவிடம் எடுத்துப் போனேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தது. "நீலா, அது வேற ஸ்டேட்டு, வேற கோர்ட்டு. அங்க இருக்கறவங்கதான் மனுப் போடணும். நம்ம ஆர்டரைக் காட்டலாம், கொஞ்சம் உதவும்" என்றது. "அவுங்களுக்கும் இத்தினி வருசம் ஆவுமாக்கா?" என்று கேட்டேன். பையனைக் கூப்பிட்டு எனக்கு டீ வாங்கிவரச் சொன்னது.

வீட்டுக்கு வந்து நம் தீர்ப்பை எடுத்து மறுபடி வாசித்தேன். எண்ணூர்க் கழிமுகத்தில் விடக் கூடாது என்று இருக்கிறது. எங்கேயும் விடக் கூடாது என்று இல்லை. ஜட்ஜைச் சொல்லிக் குற்றமில்லை அண்ணே. நாங்கள் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார். எங்கள் ஆற்றில் வேண்டாம் என்றுதான் கேட்டோம். மனுவில் பேர் என்னுடையது.

நேற்று பூவம்மாவைப் பார்க்கப் போனேன். அவளிடமாவது சொல்லலாம் என்று. "கொயாய அடைச்சது அடைச்சதுதானே? மறுபடியும் தெறக்க மாட்டானே?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மாட்டான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தக் கூடைக்காரப் பொம்பளை பேர் என்ன என்று நீ எழுதவில்லை. கேட்டிருக்க மாட்டாய். நானும் கேட்கவில்லை என்று வைத்துக்கொள். தெரிந்தால் இன்னும் கஷ்டம்.

திறக்காதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் பேப்பரில் எழுதினேன், கிழித்தேன். ரெண்டாவதிலும் கிழித்தேன். கார்குழலிக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து இப்போதுதான் படகு கிளம்பியிருக்கிறது, அதற்கு முன்னால் வீட்டில் அடுப்பு எரிந்தது உன்னால். இன்று காலை தபால்காரர் வந்தார். கார்குழலி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள், அதனால் உன் பணத்தை நானே வாங்கினேன். வாங்கிய கையோடு இதை எழுதுகிறேன், அந்த வரி மட்டும் எழுத வரவில்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

நீலா